ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ‘ஆயுள் முழுக்க ஒரே ஆயில்’ போதுமா?

நம் மஹல்லாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய எஸ்யூவி வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. வீட்டார் எல்லோரும் ஒன்றாகப் போகலாம்; முடியாத உம்மா வாப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் மிதிக்கும் வேலையும் இல்லை. ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டால் வரும் செலவு சில நேரம் வண்டியின் பாதி விலையைத் தொட்டுவிடும். சேமிப்பு கரைகிறது, அல்லது கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இதில் பெரும்பகுதியை நேரத்தோடு ஆயில் மாற்றினாலே தவிர்த்துவிடலாம். அதைப் பற்றி இந்த இதழில் படிப்போம்.

ஆயில் செய்யும் வேலை

டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில்தான். எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைச் சுழற்றித் தள்ள, அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுழல்கிறது. உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திக் கியர் மாற்றுவதும் ஆயிலின் அழுத்தமே. உராய்வைக் குறைப்பதும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. ஆக, ஆயில் கெட்டால் நான்கு வேலையும் கெடும்.

ஆயிலுக்கு முதல் எதிரி சூடு. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஊர் வெயில், நெரிசல், கொடைக்கானல் ஏற்றம், ஏழு பேர் பாரம் எல்லாம் சேரும்போது என்ன ஆகும் என்று நாமே யோசித்துப் பார்க்கலாம்.

‘மாற்றவே வேண்டாம்’ என்பது சரியா?

சில கார் நிறுவனங்கள் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று எழுதிவிடுகின்றன. ஆனால் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 போன்ற வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைக் கேட்பதுதானே அறிவு? நம் வண்டியின் கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கென்று தனியாகக் குறைந்த கிலோமீட்டர் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுவோம்.

எந்த ஆயில், எவ்வளவு?

‘சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான்’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். டொயோட்டாவிலேயே டபிள்யூ.எஸ் ஆயிலும் பழைய டி-4 ஆயிலும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. சி.வி.டி, டூயல் கிளட்ச், ஏ.எம்.டி என்ற மற்ற வகைகளுக்கும் ஆயில் வேறு வேறு. கையேட்டில் உள்ள பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது.

அடியில் நட்டைக் கழற்றினால் ஆயில் முழுவதும் வராது. ஒரு பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். உதாரணமாக, மொத்தம் 10 லிட்டர் இருந்து 4 லிட்டர் வெளியே வந்தால், முதல் முறை மாற்றியதும் புது ஆயில் 4 லிட்டர். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினால் 6.4 லிட்டர். மூன்றாவது முறையில் ஏறக்குறைய 7.8 லிட்டர். நெடுநாள் ஆயில் மாற்றாத வண்டிக்கு மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைவிட இப்படிப் படிப்படியாக மாற்றுவது பாதுகாப்பு. அடித்தட்டைக் கழற்றும் வகையானால் ஃபில்டரையும் மாற்றிவிடலாம்.

அந்தத் தட்டில் உள்ள காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் குழம்பு போலப் படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

அளவு கூடினாலும் குறைந்தாலும் கெடுதல். பல புது மாடல்களில் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது. கையேடு சொல்லும் சூட்டில், சமமான தரையில், எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஒர்க் ஷாப்பில் மட்டும் கொடுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• ‘டி’ போட்டபின் வண்டி நகரத் தாமதிப்பது.
• எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாதது.
• கியர் மாறும்போது இடிப்பது, சீரான வேகத்தில் அதிர்வது.
• நிறுத்திய இடத்தில் சிவப்புத் துளிகள். ஆயிலில் கருகிய வாடை.
• ஆயில் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருப்பது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டருக்குள் போய்த்தான் குளிர்கிறது. பழைய ரேடியேட்டர் உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். அப்போது வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் மூன்று காரியங்கள்: ஆயில் அளவைப் பார்ப்பது, ஸ்கேனர் போட்டுக் குறியீட்டை எழுதி வாங்குவது, எஞ்சின் மவுண்டிங்கைச் சோதிப்பது. தேய்ந்த மவுண்டிங், பலவீனமான பேட்டரி, கெட்ட சென்சார் இவையும் கியர்பாக்ஸ் கோளாறு போலவே காட்டும். மறுபக்கம், தட்டு தேய்ந்து வழுக்க ஆரம்பித்துவிட்டால் புது ஆயில் அதைச் சரிசெய்யாது. அதையும் தெரிந்தே செலவு செய்வோம்.

ஓட்டும் முறை

வண்டி முழுதாக நிற்கும் முன் ‘ஆர்’ அல்லது ‘பி’ போடக் கூடாது. சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ‘என்’ போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை மெல்ல விட்டு, பாரம் அதில் நின்றபின் ‘பி’ போடுங்கள். மலையிறக்கத்தில் ‘என்’ போட்டு உருட்டாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச்செல்லும் வண்டியை அழையுங்கள்.

வண்டிக்கென ஒரு நோட்டுப் போட்டு, ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். நாளை வண்டியை விற்கும்போது சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள். வண்டியில் குறை இருந்தால் அதையும் சொல்லி விலை பேசுங்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல் சேமித்த பணத்தோடுதான் வருகிறார்.