பெயரா, பொருத்தமா?

எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதியவர்களும் மெட்ரிகுலேஷன் மாணவர்களும் ஒவ்வோர் ஆண்டும் நம்மிடம் ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: “அண்ணா, மலாயாப் பல்கலைக்கழகத்தை முதல் இடத்தில் போடலாமா?” “போடு, நல்ல பெயர்” என்று நாமும் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நம்மை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை. எனவே அந்தப் பதிலை இன்னும் சற்றுப் பொறுப்போடு சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். அதற்கு உதவும் நோக்கில் எழுதப்பட்டதே இக்கட்டுரை.

ஆய்வுப் பல்கலைக்கழகம் என்றால் என்ன?

இது வெறும் பாராட்டுப் பட்டம் அன்று. 2006ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம் ஆகிய நான்கிற்கும், 2010இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கும் அரசாங்கம் இந்தத் தகுதியை வழங்கியது. ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மானியங்கள், முதுநிலை மாணவர் எண்ணிக்கை போன்றவற்றைக் கொண்டு இவை மதிப்பிடப்படுகின்றன. ஆகவே, நமக்கு விரிவுரை ஆற்றும் பேராசிரியர் அதே வாரத்தில் முனைவர் பட்ட மாணவர்களையும் வழிநடத்துவார். ஆய்வுக் கட்டுரையும் எழுதுவார். இளங்கலை மாணவர் அவருடைய பல கடமைகளுள் ஒருவர். இதை முன்கூட்டியே அறிந்து வருபவருக்குப் பின்னால் ஏமாற்றம் இராது.

பெரிய பல்கலைக்கழகம் தருவது

பெரிய இடத்தின் பலம், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருப்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவருக்குப் போதனா மருத்துவமனை வளாகத்தோடு ஒட்டியே இருக்கிறது. தாவரவியல் படிப்பவருக்கு 1974இல் தொடங்கப்பட்ட ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா வளாகத்திற்குள்ளேயே உண்டு.

தமிழுக்கும் இங்கு நீண்ட வரலாறு உண்டு. இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்டது. பின்னர் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மொழி, மொழியியல் புலத்திலும் தமிழைப் பட்டப் படிப்பாகப் பயிலலாம். பொறியியல் மாணவர் ஒருவர் மாலையில் நூலகத்திற்குச் சென்று தமிழ் நூல்களைத் தேடிப் படிக்கவும் இங்கு வழியுண்டு.

பெரிய பல்கலைக்கழகம் கேட்பது

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் நம்மைத் தேடி வந்தார். வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். ஆறாம் படிவத்திலும் நம் பெயர் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். இங்கோ விரிவுரை மண்டபம் பெரியது; டுடோரியல் வகுப்பு மட்டுமே சிறியது. பாடம் புரியாமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பவரை யாரும் எழுப்பிக் கேட்க மாட்டார்கள். பருவத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் செய்தி தெரியும்.

விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்பவருக்கே இங்குள்ள நன்மைகள் கிட்டுகின்றன. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நல்ல வழிகாட்டி, ஆய்வு உதவியாளர் வேலை, மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எல்லாம் அந்த அறைக்குள்தான் தொடங்குகின்றன. அந்தக் கதவை ஒருமுறையும் தட்டாமல், தம் பெயரை அறிந்த விரிவுரையாளர் ஒருவர்கூட இல்லாமல் பட்டம் பெற்றுச் செல்பவர்களும் உண்டு. அத்தகையவருக்குச் சிறிய துறை கொண்ட வேறொரு பல்கலைக்கழகம் கூடுதல் நன்மை செய்திருக்கும்.

இதனால் கூச்சம் உள்ளவர் வரவே கூடாது என்பதில்லை. கேட்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். தமிழ் மொழிக் கழகம் போன்ற அமைப்புகளின் உண்மையான பயனும் இங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நடுவே நம்மை அறிந்த பத்துப் பேரை அது தருகிறது. முதல் முறை கதவைத் தட்டும்போது உடன் வர ஓர் அக்காவோ அண்ணனோ இருப்பார்.

நகரமும் பணமும்

அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எனவே செலவில் ஏற்படும் வேறுபாடு அறை வாடகையிலும் உணவிலும் போக்குவரத்திலும்தான் இருக்கிறது. தங்கும் விடுதியில் இடம் கிடைக்கும்வரை கவலையில்லை. வெளியே வாடகைக்குப் போக நேர்ந்தால், பெட்டாலிங் ஜெயாவிலோ பந்தாய் டாலாமிலோ முன்பணமே ஒரு குடும்பத்தைத் திணறடிக்கும். பி.டி.பி.டி.என். கடன் பதிவு நாளன்றே கைக்கு வந்துவிடாது. முதல் சில வாரங்களுக்கான பணத்தை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். ‘யுனிவர்சிட்டி’ என்ற பெயரில் எல்.ஆர்.டி. நிலையம் இருந்தாலும், அங்கிருந்து வளாகத்திற்குள் வர மீண்டும் பேருந்து பிடிக்க வேண்டும்.

மறுபுறம், பகுதிநேர டியூஷன் வேலை, தொழிற்பயிற்சி இடங்கள், இலக்கிய நிகழ்ச்சிகள் ஆகியவை நகரத்தில் அருகிலேயே கிடைக்கும்.

முடிவெடுக்கும் முன்

தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கும் உரியது. பல்கலைக்கழகம் நம்மை ஏற்குமா என்பதை அது சொல்லும். நமக்கு அது பொருந்துமா என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

1. நான் விரும்பும் படிப்பு அங்கு இருக்கிறதா? தமிழாசிரியர் ஆவதே குறிக்கோள் என்றால், தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அதற்கென்றே அமைந்தது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது.

2. அந்தப் படிப்பு எந்த வளாகத்தில் நடக்கிறது? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்றால் பினாங்கு என்று நினைக்கிறோம். அதன் மருத்துவப் படிப்பு கிளந்தான் குபாங் கெரியானிலும், பொறியியல் நிபோங் திபாலிலும் நடக்கின்றன.

3. புரியாததை நானே சென்று கேட்பேனா? இல்லையென்றால், அதைப் பழகிக்கொள்ளத் தயாரா?

4. விடுதி கிடைக்காத ஆண்டில் வாடகையை யார் கொடுப்பார்?

5. வீட்டில் அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்? கெடாவில் நோயுற்ற பெற்றோரை விட்டு வரும் மாணவருக்குக் கோலாலம்பூரைவிடச் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் பொருத்தமாக இருக்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

இவற்றுள் முதல், மூன்றாம் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், பெரிய பல்கலைக்கழகத்தைத் துணிந்து முதல் இடத்தில் போடலாம். பணத்திற்கும் தூரத்திற்கும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு வழி காண முடியும். படிப்பும் மனப்பாங்கும் பொருந்தாவிட்டால், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது கைகொடுக்காது.

அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ நம்மிடம் கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம். வகுப்பு நடக்கும் ஒரு நாளில் வளாகத்திற்கு வரச் சொல்லுவோம். விரிவுரை மண்டபத்தையும் நூலகத்தையும் காட்டி, உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையையும் பார்க்கச் செய்வோம். பிறகு இந்த ஐந்து கேள்விகளையும் கொடுத்து, பெற்றோருடன் அமர்ந்து முடிவெடுக்கச் சொல்லுவோம்.