முகத்தில் மண் காயும் முன்

முல்தானி மட்டியைப் பூசிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து, வாயைத் திறக்க முடியாதபடி முகம் இறுகி, சித்திரை மாதத்துக் கண்மாய்த் தரைபோல வெடிப்பு விழுந்த பிறகுதான் எழுந்து கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். அப்படி இழுத்துப் பிடித்தால்தான் அழுக்கு வெளியே வரும் என்ற நம்பிக்கை. நடப்பது வேறு. மண்ணில் ஈரம் இருக்கும்வரைதான் தோலுக்கு அதனால் பயன். முழுக்கக் காயவிட்டால், எண்ணெய்ப் பசையை எடுத்தது போதாதென்று தோலின் மேலடுக்கில் உள்ள ஈரத்தையும் அது இழுக்கும். எந்த மண்ணை வாங்குவது, எதில் குழைப்பது, எப்போது கழுவுவது என்ற மூன்றுக்கும் இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

எந்த மண்?

இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரம்தான் முல்தானி மட்டிக்குப் பெயர் தந்தது. இந்தியாவில் ராஜஸ்தானின் பார்மேர், பிகானேர் பகுதிகளில் இதை வெட்டியெடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் கம்பளி நெய்தவர்கள் ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் போக்க இந்த வகை மண்ணைத்தான் நம்பியிருந்தார்கள். எண்ணெயை உறிஞ்சுவதில் அவ்வளவு வல்லது. பென்டோனைட் என்று விற்கும் மண்ணும் இதே இனம். இவற்றில் இருக்கும் களிமண் கனிமம் ஏடு ஏடாக அடுக்கியது. ஓர் ஏட்டின் கனம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்தான். தண்ணீர் பட்டதும் அது ஏடுகளுக்கு இடையே புகுந்துகொள்ள, மண் உப்புகிறது. உப்பிய மண் காயும்போது அதே அளவுக்குச் சுருங்கும். முகத்தைப் பிடித்து இழுப்பது அந்தச் சுருக்கம்தான்.

கயோலின் என்ற வெள்ளை மண் இப்படி உப்பாது. அதன் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. தண்ணீர் நடுவே புக வழியில்லை. சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் ஊருக்குப் பக்கத்திலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரால் வழங்கும் மண் இது. உறிஞ்சும் சக்தி குறைவு, அதனால் தோலுக்குச் சாது.

நம் ஊரிலும் ஒரு சாதுவான மண் இருக்கிறது: நாமக்கட்டி. முகப்பருவுக்கும் வேனல் கட்டிக்கும் நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போடாத பாட்டி அபூர்வம். திருவண்ணாமலை மாவட்டம் ஜடேரியில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருகிறார்கள். ஜடேரி நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் நைசான வண்டலை மட்டும் எடுத்துக் கட்டியாக்குகிறார்கள். முகத்தில் பூசும் மண்ணுக்கு இதைவிட நல்ல பக்குவம் எது? ஆனால் நாமத்தின் நடுவே இடும் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது அது. முகத்தில் பூசினால் எரியலாம்.

எண்ணெய் வடியும் முகமென்றால் முல்தானி மட்டி. சாதாரணத் தோலுக்கு முல்தானியும் கயோலினும் பாதிப் பாதி. வறண்ட தோலுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கயோலின் அல்லது நாமக்கட்டி போதும். பென்டோனைட்டை முகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வெயிலுக்கும் ஏசி அறைக்கும் அது மிகக் கடுமை.

வாங்கும்போது

நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். கட்டியையே வாங்குங்கள், கட்டியில் கலப்படம் செய்வது கடினம். வீட்டில் உடைத்து இடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்துக்கொள்ளலாம். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பொடியாக வாங்கினால், ஒரு சிட்டிகையை ஈரம் செய்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று இருக்க வேண்டும். நறநறவென்றால் மணல் இருக்கிறது; அது முகத்தைக் கீறும். நனைத்த வெள்ளைத் துணியில் தடவிக் கழுவியதும் சாயம் தங்கினால், அந்த நிறம் மண்ணுடையதல்ல. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் நிறையக் கலந்திருக்கலாம். அதையும் விட்டுவிடுங்கள்.

வயலிலோ ஏரிக்கரையிலோ புற்றிலோ நீங்களாகத் தோண்டிய மண்ணை முகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. பருவைக் கிள்ளிய ஒரு சின்னப் புண் அவை உள்ளே போகப் போதும். இயற்கை மருத்துவ மனைகளில் மண் சிகிச்சைக்கு எடுப்பதும் மேல்மண்ணை அல்ல. சில அடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் உலர்த்திச் சலித்த மண்.

குழைத்தல்

ஒரு முகத்துக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி போதும். முதலில் கிண்ணத்தில் ஒன்றரைக் கரண்டி பன்னீரோ ஆறிய தண்ணீரோ விட்டு, அதன் மேல் பொடியைத் தூவி, பத்து நிமிடம் கலக்காமல் விடுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஊறவிட்டால் மண் தானாகவே நீரைக் குடித்துக் குழைந்துவிடும். பிறகு கலக்கினால் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வர வேண்டும். கயோலினுக்குத் திரவம் இன்னும் குறைவாகப் பிடிக்கும். நாமக்கட்டி என்றால் இந்த வேலையே இல்லை. சந்தனக் கல்லில் பன்னீர் விட்டு இழைத்தால் ஆயிற்று. விசேஷங்களில் தெளிக்கும் பன்னீர் வேண்டாம், அதில் பெரும்பாலும் வாசனைத் திரவியம்தான். எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்தால் மண்ணின் சக்தி போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் அப்படி எதுவும் ஆகாது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னீரோடு ஒரு கரண்டி புளிக்காத தயிர் சேர்ப்பது நல்லது. நம் தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. இந்த மண்களில் பலவும் காரத்தன்மை கொண்டவை. தயிர் அந்தக் காரத்தைத் தணிப்பதோடு, அதிலுள்ள கொழுப்பு மண் விரைவில் காயாமலும் பார்த்துக்கொள்ளும். வறண்ட தோலுக்கு அரைக் கரண்டி தேன், அல்லது நான்கு சொட்டு நல்லெண்ணெய் சேர்க்கலாம்.

எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது. எத்தனை குறிப்புகளில் அதை எழுதியிருந்தாலும் சரி. அதன் பிஎச் 2 அளவுதான், தோலை எரிக்கும். அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருப்புத் திட்டும் வரலாம். நிறம் கூட வேண்டும் என்று பூசிக்கொண்ட இளம்பெண்கள் அந்தக் கருமையோடு தவிப்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஆப்பசோடா, பற்பசை, பட்டைத் தூள் ஆகியவற்றுக்கும் இதே தடை.

குழைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாள் பூசுவது சிக்கனமல்ல; ஈர மண்ணில் கிருமி பெருகும்.

பூசுவதும் எடுப்பதும்

முதன்முறை என்றால் முந்தைய நாளே முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, பத்து நிமிடத்தில் கழுவி, 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

வெறும் தண்ணீரில் முகம் கழுவி, துடைத்தும் துடைக்காத ஈரத்திலேயே பூசத் தொடங்குங்கள். நெற்றி, மூக்கு, தாடை என்று எண்ணெய் கசியும் இடங்களில் முதலில், கன்னத்தில் கடைசியில். கன்னம் வறண்டிருந்தால் அங்கே பூசவே வேண்டியதில்லை. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் கூடாது. தோல் தெரியாத அளவுக்குக் கனமாகப் பூசுங்கள். மெல்லிய பூச்சு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இனி கடிகாரத்தைவிடக் கண்ணாடியைப் பாருங்கள். முதலில் பூச்சு முழுக்க ஈரமாக, கருத்து இருக்கும். பிறகு ஓரங்களில் நிறம் வெளுக்கத் தொடங்கும்; முகம் குளிர்ந்து லேசாக இறுகும்; நடுவில் தொட்டால் விரலில் இன்னும் பிசுக்கென்று ஒட்டும். கழுவ வேண்டிய நேரம் அதுதான். பெரும்பாலும் எட்டு முதல் பத்து நிமிடத்தில் வரும். மார்கழியில் சற்றுத் தாமதமாகும், ஏசி அறையில் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். ஓரம் சீக்கிரம் காய்ந்தால் பன்னீரைத் தொட்டு நனைத்துக்கொள்ளலாம்.

எடுக்கும்போது தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அரை நிமிடம் முகத்தில் ஒற்றி வைத்து, மண் இளகியதும் வழித்தெடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். அந்தத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினால் மண் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்து செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை போதும். எண்ணெய் முகத்துக்கு வேண்டுமானால் இரண்டு, வறண்ட முகத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒன்று.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்

சீழ் வைத்த பருவோ, திறந்த புண்ணோ, எக்சிமாவோ இருந்தால் பூசக் கூடாது. த்ரெடிங், வேக்சிங், சவரம் செய்த அன்றும் கூடாது. பருவுக்காக டிரெட்டினாயின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்புகள் போடுகிறவர்களின் தோல் ஏற்கெனவே வறண்டு எரிச்சலில் இருக்கலாம். தோல் மருத்துவரைக் கேட்காமல் மண் பக்கம் போக வேண்டாம். குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை. கர்ப்பிணிகளுக்கு மண் வாசனையில் ஆசை வருவதுண்டு, ஆனால் ஒரு துணுக்குகூட வாயில் போகக் கூடாது. சில பென்டோனைட் பொடிகளில் ஈயம் மிகுந்திருப்பதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது.

மண் பூசினால் நிறம் மாறாது, மயிர்த்துளை நிரந்தரமாகச் சுருங்காது, உடலின் நஞ்சு எதையும் அது இழுத்தெடுக்காது. கூடுதல் எண்ணெயையும் அதில் ஒட்டிய தூசியையும் எடுக்கும், முகத்தைக் குளிரவைக்கும். வெயிலில் அலைந்து வந்த முகத்துக்கு அது பெரிய சுகம்.

கழுவிய ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ சுத்தமான கற்றாழைச் சோறோ தடவுங்கள். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளையை அடைக்கும். பகலில் பூசினால் வெளியே போகுமுன் சன்ஸ்கிரீன் அவசியம். மறுநாள் காலை மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தாலோ, கன்னம் சொரசொரத்தாலோ, உங்கள் தோலுக்கு அந்த மண் அதிக நேரம் இருந்திருக்கிறது. அடுத்த முறை மூன்று நிமிடம் முன்னதாகவே கழுவிப் பாருங்கள். அப்போதும் உரிந்தால் முல்தானியை விட்டு நாமக்கட்டிக்கு மாறுங்கள்.