திருக்கோணமலையும் திருக்கோயிற் கற்களின் காப்பும்

சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்களைந்து மெய்யுணர்ந்தார்க்கும் அடியார் திருவேடமும் ஆலயமும் அரனெனவே தொழற்பாலன என்று விதித்தலைச் சித்தாந்தம் பயில்வார் யாவரும் அறிவர். இங்ஙனம் அரனெனத் தொழப்படும் ஆலயம் கல்லினால் ஆயது. அக்கல் பகைவராற் பெயர்க்கப்படின், கடலால் அரிக்கப்படின், அன்றித் திருப்பணி செய்வார் கையானே சிதைக்கப்படின், இழக்கப்படுவது யாது? இழந்தவற்றுள் மீட்கப்படுவது யாது? மீட்கலாகாதது யாது? இம்மூன்றனையும் ஈண்டு ஆராய்வாம்.

இதன்கண் இருவேறு பிழைபட்ட கொள்கைகள் உலகில் வழங்குகின்றன. இறைவன் எங்கும் நிறைந்தவனாகலின் ஓரிடத்துக் கோயில் அழிந்தமையால் வருங்கேடு ஒன்றுமில்லை என்பார் ஒருசாரார். கோயில் அழியவே தெய்வமும் அவ்விடம் விட்டு அகன்றது என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டும் பொருந்தா. பாலில் நெய் மறைந்து நிற்றல் போல எங்கும் உளனாகிய முதல்வன், தயிரில் நெய் விளங்கித் தோன்றுதல் போலத் திருவேடத்தினும் ஆலயத்தினும் விளங்கி நிற்பன் என்பது மெய்கண்டார் காட்டிய உவமை. தயிர்த்தாழி உடைந்தவிடத்து நெய் என்னும் பொருள் உலகில் இல்லாதொழிவதில்லை. நெய்யை வேண்டுவானுக்கே இழப்பு. அதுபோல ஆலயம் அழிந்தவிடத்துக் குறைவு முதல்வனுக்கு இல்லை. அவனை விளங்கக் கண்டு உய்தற்குரிய உயிர்கட்கே உண்டு. ஆலயத்தைக் காத்தல் இறைவனைக் காத்தலன்று, உயிர்களின் நெறியைக் காத்தலேயாம் என்க.

இதனை வரலாற்றில் வைத்துக் காண்பாம். ஈழநாட்டின் கீழ்கரையில், கடலினுள் நீண்டு செங்குத்தாக நிற்கும் சுவாமிமலை என்னுங் குன்றின்மேல் விளங்கியது திருக்கோணேச்சரம். ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகம் பெற்ற தலமாதலின் அதன் பழைமை ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்படாது. பதினேழாம் நூற்றாண்டினராகிய குவேரோசு என்னும் போர்த்துக்கீசப் பாதிரியார், அக்குன்றின்மேற் கோயில்கள் மூன்று இருந்தமையைத் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்துள்ளார். 1622-க்கும் 1624-க்கும் இடைப்பட்ட காலத்தே, போர்த்துக்கீசத் தளபதியாகிய கொன்சுதந்தீனு தே சா என்பவன் அக்கோயில்களை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டே அத்துறைமுகத்தைக் காக்குங் கோட்டையை எழுப்பினான். 1639-இல் அது ஒல்லாந்தர் கைப்பட்டது. 1795-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பிரெடரிக் கோட்டை என்று இன்று வழங்குவது அதுவே. அதன் வாயிலில் இணைக்கயற் குறியும் சிதைந்த தமிழெழுத்தும் பொறித்த கற்களை இன்றுங் காணலாம். கோணேசரை வழிபடச் செல்லும் அடியார் அவ்வாயிலினூடே சென்றுதான் மலையேற வேண்டும். முன்னாளிற் கோயிலாயிருந்த கல்லின் கீழ் நுழைந்து இந்நாட் கோயிலை அடைகின்றனர் என்பது கருதற்பாலது.

கல் பெயர்ந்தபின்னும் அங்கே வழிபாடு பெயரவில்லை. கோயிலில்லா அக்குன்றின் முனையில் நின்று, பூவும் பழமும் கடலில் இட்டுத் தீபங்காட்டி வழிபட்டு வந்தனர் அவ்வூர்ச் சைவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஆங்கிலேயரும் அவ்வழிபாட்டைக் கண்டு எழுதியுள்ளனர். 1950-இல் மண்ணகழ்ந்தபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-ஆம் ஆண்டளவில் மைக் வில்சனும் ஆர்தர் கிளார்க்கும் கடலுள் மூழ்கி, குன்றின் அடியிற் கிடந்த தூண்களையும் பிற கற்களையும் கண்டனர். கோயில் மீளக் கட்டப்பெற்று 1963-இற் கும்பாபிடேகமும் நிகழ்ந்தது. மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும் இங்ஙனமே பறங்கியரால் அழிவுற்றது. 1872-இல் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அதன் நிலையை எடுத்துக்காட்டிச் சைவரைத் தூண்டினார்கள். 1893-இல் அந்நிலம் சைவரால் விலைக்கு வாங்கப்பட்டது. மறுவாண்டே பழைய சிவலிங்கம் மண்ணினின்றும் வெளிப்பட்டது.

இனி, வழிபாடு முன்னே ஒழிந்தவிடத்துக் கற்களுக்கு நேர்வது யாதென்பதற்குப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றனை நோக்குவாம். பசிபிக் பெருங்கடலின் நடுவண் உள்ள ஹவாயித் தீவுகளிற் பழங்குடியினர் கருங்கற்களை அடுக்கி, ஹேயாவ் என்னும் வழிபாட்டு மேடைகளைக் கடலோரங்களிற் சமைத்திருந்தனர். காவாய்த் தீவில் வைலுவா ஆற்றின் முகத்துவாரந் தொடங்கி மலையுச்சிவரை அத்தகையன பல வரிசையாக இருந்தன. காவாய் ஆதீனம் என்று நம்மவர் அறிந்த சைவத் திருமடம் விளங்குவதும் அவ்வாற்றின் பக்கத்தேயாம். 1819-இல் அந்நாட்டரசரே பழைய சமய விதிகளை நீக்கினர். தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டன. காப்பாரின்றிக் கிடந்த கற்களைப் பின்வந்தோர் சாலைக்கும் வேலிச்சுவருக்கும் எடுத்துச் சென்றனர். கரும்புத் தோட்டங்களும், பின்னர்ப் பயணிகள் தங்கும் மாளிகைகளும் அவ்விடங்களைக் கவர்ந்தன. வைக்கீக்கிக் கடற்கரையில், நோய்தீர்த்த நால்வர் நினைவாக நிறுவப்பட்டிருந்த நான்கு பெருங்கற்களின்மேல் 1941-இற் பந்துருட்டி ஆடுங் கூடமொன்று கட்டப்பட்டது. அக்கூடம் நீக்கப்பட்டபின் 1963-இல் அவை மீண்டன. 1997-இல் மேடையமைத்து வைக்கப்பட்டன. அழிந்து மீளாதன மிகப் பல.

இவ்விரு நாட்டு வரலாற்றையும் ஒப்பிட்டு நோக்கின் ஓருண்மை புலனாம். வழிபாடு நிலைத்தவிடத்துக் கல் அழியினும் கோயில் மீளும். வழிபாடு ஒழிந்தவிடத்துக் கல் அழியாதிருப்பினும் அது வெறுங்கல்லாய்ப் பிறர்க்குப் பயன்படும். ஆகவே கல்லுக்குக் காவல் வழிபாடு என்பது பெறப்பட்டது.

அற்றேல், வழிபாடு நிலைப்பின் யாவும் மீளுமோ எனின், மீளா. திருக்கோணேச்சரத்தில் இன்று ஆறுகாலப் பூசை நிகழலாம். ஆயினும் பழங்கோயிற் சுவர்களில் எவ்வரசர் எந்நிலம் விட்டனர், எவ்வடியார் எவ்விளக்கு வைத்தனர், எத்திருப்பதிகம் ஓத எத்துணைப் பேர் நியமிக்கப்பட்டனர் என்பன போன்ற செய்திகள் பொறிக்கப்பட்டிருப்பின், அவை கோட்டைச் சுவரினுள்ளும் கடலடியினும் போயொழிந்தன. தெய்வச் சாந்நித்தியத்தைக் கும்பாபிடேகத்தால் மீளப் பெறலாம். அழிந்த எழுத்தை எக்கிரியையாலும் மீளப் பெறலாகாது. இதுவே மீட்கலாகாத இழப்பு.

இவ்விழப்புப் பறங்கியராலும் கடலாலும் மட்டும் வருவதன்று. பழங்கற்றளியைப் பிரித்துப் புதுக்கும்போது கல்வெட்டுள்ள கற்கள் தலைகீழாகவும் துண்டுபட்டும் வைத்துக் கட்டப்பட்டமையை நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றிற் காண்கின்றோம். அண்மைக்காலத்தே சுவர்களைத் தூய்மை செய்யக் கருதி மணலை விசையாக வீசித் தேய்த்தமையால் எழுத்தும் சிற்பமும் மழுங்கிய கோயில்களும் உள. பகைவன் இடித்த கல்லுக்கும் அன்பன் தேய்த்த கல்லுக்கும் எழுத்தின் அழிவில் வேறுபாடு யாது?

நம் முன்னோர் இவ்வாறு செய்திலர். கொள்ளிடக்கரைத் திருமழபாடியில், முதலாம் இராசராசன் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்கப் பணித்தபோது, அதன்கண் இருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்கச் செய்தான். அவை அவன் மகன் இராசேந்திரன் காலத்தே புதிய கல்லில் மீள வெட்டப்பட்டன. திருக்கோடிகாவிற் செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்வித்தபோதும், பழங்கல்லின் படி இது என்னுங் குறிப்போடு முன்னைய எழுத்துக்கள் புதிய சுவரிற் பொறிக்கப்பட்டன. சீர்ணோத்தாரணம் செய்யுமிடத்துச் சாந்நித்தியத்தைக் கும்பத்திற் கொண்டு பாலாலயத்தில் எழுந்தருளுவித்த பின்னரே பழங்கல்லில் உளிபடல் வேண்டுமென்பது ஆகம முறை. மூர்த்திக்குப் பாலாலயம் போல எழுத்துக்குப் பாலாலயம் ஏடு என்பதனை அம்முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இந்நாளில் இக்கடப்பாடு கடற்கரைத் தலங்களில் மிகவும் வேண்டப்படுகின்றது. தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தெழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மணலை விலக்கிக் கல்லெழுத்தைக் காட்டிற்று. மறுவாண்டில் அதன் வழியே அகழ்ந்தபோது பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. கடல் ஒருகாற் கொள்ளும், ஒருகாற் கொடுக்கும். கடற்கரையிற் சாலையும் துறைமுகமும் மாளிகையும் எழுப்பும் மக்களின் கையோ, மணலிற் கிடக்குங் கல்லைக் கல்லென்றே எண்ணி எடுத்துக்கொண்டு போம்.

யாம் வாழும் திருவானைக்காவல் அப்புத்தலம். இங்கே நீரும் கல்லும் ஒருங்கே முதல்வன் திருமேனியை ஏந்தி நிற்கின்றன. இத்தலத்துப் புறமதிலை எழுப்பியபோது சிவபெருமானே சித்தராய் எழுந்தருளி, வேலை செய்தார்க்குத் திருநீற்றைக் கூலியாக அளிக்க, அஃது அவரவர் உழைப்பிற்கேற்பப் பொன்னாயிற்று என்பது தலவரலாறு. கல்லடுக்குந் தொழிலை இறைவன் தன் பணியாகவே ஏற்றருளினான் என்பது இதன் கருத்து. அவ்வாறாயின், அடுக்கிய கல்லைக் காப்பதும் சரியைத் தொண்டேயாம்.

ஆகலின் திருமடத்துத் தலைவர்களையும் திருப்பணிச் செல்வர்களையும் யாம் வேண்டிக்கொள்வன இவை. பாலாலயஞ் செய்வதற்கு முன்னரே கோயிற் சுவர்களிலுள்ள எழுத்தனைத்தையும் மைப்படியும் நிழற்படமும் எடுத்து, ஆதீன நூல்நிலையத்தில் ஒரு படியும் தொல்லியல் துறையில் ஒரு படியும் வைத்தல். எழுத்துள்ள கல்லைப் பெயர்க்க நேரின் எண்ணிட்டு முன்னையவாறே வைத்தல். மணல்வீச்சை அறவே விலக்கல். வயலினும் கடற்கரையினும் கிடக்குங் கற்களை இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திருச்சுற்றில் வைத்துக் காத்தல். பூசையற்ற சிறு கோயில்களுக்கு ஒருவிளக்கேனும் நாள்தோறும் ஏற்றுவித்தல் என்பன. விளக்கெரியும் இடத்துக் கல்லைப் பிறர் எடுக்க அஞ்சுவர். ஏட்டில் ஏறிய எழுத்துக் கல் அழியினும் அழியாது. இவ்விரண்டும் செய்யப்படின், கோட்டைவாயிலிற் கிடந்து வாடும் கோணேசர் கோயிற் கல்லின் நிலை இனியொரு கோயிலுக்கு வாராது.

திருச்சிற்றம்பலம்