5, 10, 16: பள்ளி வயதுத் தடுப்பூசிகளும் வகுப்பாசிரியரும்

தடுப்பூசி என்றதும் நம் நினைவுக்கு வருவது கைக்குழந்தையும் அங்கன்வாடியும்தான். பிறந்தவுடன் பி.சி.ஜி., 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, 16 முதல் 24 மாதங்களுக்குள் ஊக்கத் தவணைகள் என, தேசியத் தடுப்பூசி அட்டவணையின் பெரும்பகுதி இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. எனினும் அட்டவணையில் இன்னும் மூன்று தவணைகள் இருக்கின்றன. 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை, 10 வயதில் ஒரு டி.டி. ஊசி, 16 வயதில் மற்றொரு டி.டி. ஊசி ஆகியவை அவை. இந்த மூன்று வயதிலும் குழந்தை நம் வகுப்பறையில் இருக்கிறது.

மீண்டும் ஏன் ஊசி?

"சின்ன வயசிலேயே எல்லா ஊசியும் போட்டாச்சே" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. இதற்கு விடை சொல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி, நோயை உண்டாக்காமல் நோய்க்கிருமியின் அடையாளத்தை மட்டும் உடலுக்குக் காட்டுகிறது. உடல் அதற்கு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அந்த அடையாளத்தை நினைவுச் செல்களில் பதித்தும் வைக்கிறது. எல்லா நோய்களுக்கும் இந்தப் பாதுகாப்பு ஒரே அளவில் நீடிப்பதில்லை. தட்டம்மைக்கு இரண்டு தவணை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்போ ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. படித்த பாடத்தைத் திருப்புதல் செய்வது போல, ஊக்கத் தவணை உடலின் நினைவைப் புதுப்பிக்கிறது.

தொண்டை அடைப்பானைப் பழங்கால நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் இன்றும் ஐந்து வயதைக் கடந்த சிறுவர்களிடம் அது காணப்படுகிறது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். கிருமியின் நச்சு இதயத்தையும் தாக்கும். சிகிச்சை தாமதமானால் உயிரிழப்பு நேரும். ரண ஜன்னி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை. மண்ணில் இருக்கும் கிருமி காயத்தின் வழியே நுழைகிறது. எனவே விளையாட்டுத் திடலில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு தேவை.

வகுப்பறைச் செயல்பாடு: நோய் எப்படி நிற்கிறது?

நோய்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போது 25 மாணவர்களை ஐந்து வரிசைகளில், வரிசைக்கு ஐவராக உட்காரவைக்கவும். வெள்ளை, பச்சை நிற அட்டைகள் போதும். வெள்ளை அட்டை பாதுகாப்பு இல்லாதவர். பச்சை அட்டை தடுப்பூசி பெற்றவர். யாரிடம் எந்த அட்டை என்பதை உண்மையான தடுப்பூசி விவரத்தோடு தொடர்புபடுத்த வேண்டாம்.

முதல் சுற்று: அனைவருக்கும் வெள்ளை அட்டை. நடுவில் இருப்பவர் எழுந்து நின்று, முன், பின், இடம், வலம் இருப்பவர்களைத் தொடுகிறார். தொடப்பட்டவர்கள் எழுந்து தங்கள் அருகில் இருப்பவர்களைத் தொடுகிறார்கள். நான்கே முறையில் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுபவர்களைக் கரும்பலகையில் எழுதினால் 4, 8, 8, 4 என்று வரும்.

இரண்டாம் சுற்று: 20 பேருக்குப் பச்சை, ஐவருக்கு வெள்ளை. நடுவில் ஒருவர், நான்கு மூலைகளில் நால்வர் என வெள்ளை அட்டைகளைப் பிரித்துக் கொடுக்கவும். பச்சை அட்டை உள்ளவர் தொடப்பட்டாலும் எழக்கூடாது. மற்றவரைத் தொடவும் கூடாது. இப்போது முதலில் எழுந்தவர் மட்டுமே நிற்பார். மூலையில் இருக்கும் நால்வரும் தடுப்பூசி பெறாமலேயே தப்பிவிடுகிறார்கள்.

மூன்றாம் சுற்று: அதே 20 பச்சை, அதே ஐந்து வெள்ளை. ஆனால் ஐந்து வெள்ளையையும் நடு வரிசையில் அடுத்தடுத்துக் கொடுக்கவும். ஐவரும் எழுந்து நிற்பார்கள்.

"இரண்டு சுற்றிலும் எண்ணிக்கை ஒன்றுதானே? ஏன் முடிவு மாறியது?" என்று மாணவர்களையே கேளுங்கள். விடுபட்டவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் நோய் அங்கே வழி கண்டுபிடிக்கிறது என்பதை அவர்களே சொல்வார்கள். தட்டம்மை காற்றில் பரவும் நோய். பாதுகாப்பற்ற கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. அதைத் தடுக்க நூற்றுக்கு 95 பேராவது பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒன்பது மாதம் நிறையாத தம்பி தங்கையரும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாது. சுற்றியிருப்பவர்கள் பெற்ற ஊசிதான் அவர்களுக்குக் காப்பு.

யார் விடுபடுகிறார்கள்?

மாவட்ட அளவில் சதவீதம் உயர்ந்திருக்கும்போதே ஒரு குடியிருப்பில், ஒரு செங்கல் சூளையில் சில குழந்தைகள் சேர்ந்தாற்போல் விடுபட்டிருப்பார்கள். புள்ளிவிவரத்தில் தெரியாத இவர்களை வருகைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். ஊசி போடும் நாளில் வராதவர்கள், ஆண்டின் நடுவில் வேறு ஊரிலிருந்து சேர்ந்தவர்கள், வேலை தேடி இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் ஆகியோரின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுப்பது வகுப்பாசிரியரால் மட்டுமே முடிகிற வேலை. தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தடுப்பூசி அட்டை இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையின் சேர்க்கையும் தடைபடக் கூடாது.

ஊசி போடும் நாளுக்கு முன்னும் பின்னும்

2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்ஆப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினார்கள். ஆகவே முகாமுக்குச் சில நாள் முன்பே பெற்றோர் கூட்டம் நடத்தி, என்ன ஊசி, எதற்காக, லேசான காய்ச்சலும் கை வலியும் வரலாம் என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஊசி போட்டபோது கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதா, இப்போது காய்ச்சல் அதிகமாக இருக்கிறதா என்று கேட்டுச் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். சாதாரண சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

வளரிளம் பருவத்தினர் சிலர் பயத்தில் மயங்கி விழுவதுண்டு. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, உட்காரவைத்து ஊசி போடச் செய்து, அரை மணி நேரம் கண்காணிப்பில் வைத்தால் போதும். ஒருவர் மயங்குவதை மற்றவர்கள் பார்க்காதபடி ஊசி போடும் இடத்தைத் தனியாக அமைப்பது நல்லது.

ஊசியோடு சேர வேண்டியவை

சத்துணவு, காலை உணவு, இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை, சோப்புப் போட்டுக் கைகழுவுதல், போதிய தூக்கம் ஆகிய அனைத்தும் குழந்தையின் எதிர்ப்பாற்றலைக் காக்கின்றன. ஊட்டம் குறைந்த குழந்தையைத் தட்டம்மை கடுமையாகத் தாக்கும். ஆனால் நல்ல உணவு மட்டுமே தொண்டை அடைப்பானைத் தடுத்துவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அம்மை கண்ட பிள்ளையை வேப்பிலை செருகிய வீட்டில் தனியே வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். தனிமைப்படுத்தும் அந்த வழக்கம் நல்லதே. அதைக் குறைகூறாமல், மருத்துவரிடமும் காட்டுங்கள், வைட்டமின் ஏ கொடுக்க வேண்டியிருக்கும் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். தட்டம்மையில் தடிப்பு தோன்றி நான்கு நாள்கள் வரை தொற்றும் என்பதால் அதுவரை பிள்ளை பள்ளிக்கு வரவேண்டாம். காய்ச்சலோடு தடிப்பு கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் தர வேண்டும்.

இந்தக் கல்வியாண்டில் உங்கள் வகுப்பில் 5, 10, 16 வயதை எட்டும் மாணவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஊசி போட்ட நாளை எதிரே குறியுங்கள். நாள் குறிக்கப்படாத பெயர்களை அடுத்த வாரமே செவிலியரிடம் சேர்த்துவிடுங்கள்.