மாதிரி ஜெற் விமானத்துக்குப் பொறி ஒன்றா, இரண்டா?

மாதிரி ஜெற் விமானஞ் செய்யப் புகும் மாணாக்கர், பொறி இரண்டாயின் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என எண்ணுவர். அஃது எப்பொழுதும் மெய்யன்று.

1942 இல் ஜெற் விசையால் மாத்திரம் பறந்த ஜெர்மானிய மெசர்சிமிற் 262 இன் பொறிகள் சிறகுகளின்கீழ் அகன்று நிற்பன. அதன் மாதிரியிலே பொறியொன்று அவிந்தால், மற்றையதன் உந்துவிசை மூக்கை ஒருபுறந் திருப்பும். வேகங் குறைந்த வேளையிற் சுக்கானும் அதனைத் தடுக்கமாட்டாது. தரையில் நின்று இயக்குவோன் அத்திருப்பத்தை உடலால் உணரான். கண் அறியுமுன் விமானம் கவிழ்தலுங் கூடும். பாரமும் பணச்செலவும் வேறு!

பிரித்தானியக் கடற்படையிற் பணியாற்றிய சீ ஹோக் விமானத்தை நோக்குக. பொறி ஒன்றே, பின்குழாய் இரண்டாய்ப் பிரிந்து இருமருங்கும் வெளிப்படும். உடலுக்குள்ளே இரு பொறிகள் அருகருகே அமைந்த விமானத்தின் மாதிரியையும் இம்முறையால் ஒற்றைப்பொறி கொண்டு பறப்பிக்கலாம். முதன்முறை செய்வோர்க்கு யாம் விதிப்பது இதுவே.