பார்வைக்குத் துணைநிற்கும் தொண்டு

கண்ணின் வில்லை மெல்ல மெல்ல ஒளிபுகாத் தன்மை அடைவதே கண்புரை. அறுவை மருத்துவத்தால் இதனை நீக்க இயலும். ஆயினும், மதுரையை அடுத்த பரவை போன்ற ஊர்களில் வாழும் முதியோர் பலர் இதனை முதுமையின் இயல்பென்றே எண்ணிவிடுகின்றனர். பேருந்துக் கட்டணமும், உடன்வர ஆளின்மையும், அறுவை குறித்த அச்சமும் அவர்களைத் தடுக்கின்றன.

இத்தடைகளை நீக்கவே தொண்டுச் சங்கங்கள் கண் மருத்துவ முகாம்களை நடத்துகின்றன. முகாமுக்கு இடம் தேர்வதும், ஊரெங்கும் செய்தி அறிவிப்பதும், வருவோர்க்கு உதவுவதும் சங்கத்தார் பணிகள். மருத்துவர்கள் கண்களை ஆய்ந்து, அறுவை தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வர்.

1917இல் சிகாகோவில் தோன்றிய அரிமா சங்கம், 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பார்வைத் தொண்டைத் தன் தலையாய கடமையாக்கியது. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதனோடு இணைந்து, அரிமா சங்கத்தின் துணையுடன் மதுரையில் உருவான பயிற்சி நிறுவனம் இன்று பிற நாட்டு மருத்துவமனைகளுக்கும் வழிகாட்டுகிறது.

இவ்வாறு, சிற்றூரில் தொடங்கும் தொண்டு உலகளாவிய நோக்கத்தோடு இணைகிறது. கண்புரை அறுவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு அஞ்சி வீட்டில் முடங்கியிருக்கும் முதியவரிடம் அன்போடு பேசி, கைபிடித்து அழைத்து வருவதற்கோ பல நாள்கள் ஆகலாம். அந்தப் பொறுமையே தொண்டின் உயிர்நாடி.