தேர்ந்து நம்புவோம்: மாதிரி ரயில் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு



இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது உங்களால் மூன்று காரியங்கள் செய்ய முடிய வேண்டும்.

1. மாதிரி ரயில் வாங்கக் கடைக்குப் போகும் முன் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது.
2. ஒரு விற்பனையாளர் நம்பத்தகுந்தவரா என்று பணம் கொடுக்கும் முன்பே சோதிப்பது.
3. ஏமாற்றப்பட்டால் உடனே யாரிடம் போவது என்று அறிந்திருப்பது.

ஏன் இந்தப் பாடம்?

சுங்கை வேயில் வளர்ந்தவர்களுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. செரி செத்தியா கொமுத்தர் நிலையம் இருக்கிற கிள்ளான் பாதைக்கு வயது அதிகம். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை 1886-இல் திறக்கப்பட்ட தடம்தான் அதற்குத் தொடக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் நம் பாட்டன்மார்கள் வாழ்ந்தார்கள். தண்டவாளம் போட்டவர்களும் அவர்களே, பழுது பார்த்தவர்களும் அவர்களே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மேசைமேல் குட்டி ரயில் ஓட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்புதான்.

நல்ல பொழுதுபோக்கு இது. மின்சுற்று, பற்சக்கரம், மரவேலை, வண்ணம் பூசுதல், பொறுமை என எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும். ஆனால் தொடக்கச் செட்டே சில நூறு வெள்ளி ஆகும். பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசு, கல்விக் கடனில் மிச்சம் பிடித்த காசு என்று வரும்போது ஒரு தவறான கடை ஒரு மாதச் சாப்பாட்டையே தின்றுவிடும்.

"நல்ல கடை பேரைச் சொல்லுங்கண்ணே, போதும்" என்று சிலர் கேட்கிறார்கள். கடைகள் திறக்கும், மூடும், கை மாறும். இன்று நான் சொல்லும் பெயர் அடுத்த ஆண்டு உங்களுக்கு உதவாமல் போகலாம். சோதிக்கும் முறையைக் கற்றுக்கொண்டால் எந்தக் கடைக்கும் அதைக் கொண்டு போகலாம்.

முதல் படி: நமக்கு என்ன வேண்டும்?

தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவரிடம் எதையும் விற்கலாம். ஆகவே முதல் வீட்டுப்பாடம் நம்முடையது.

மாதிரி ரயிலில் 'ஸ்கேல்' என்பது உண்மை ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. அடிக்கடி காதில் விழும் மூன்று இவை:

எச்ஓ: 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ.
ஓஓ: 76-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் வகை. இதற்கும் அதே 16.5 மி.மீ. தண்டவாளம்தான்.
என்: 160-இல் ஒரு பங்கு. ஜப்பானிய மாதிரிகள் பெரும்பாலும் 150-இல் ஒரு பங்கு. தண்டவாளம் 9 மி.மீ.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். என் அளவில் கேட்டோ நிறுவனத்தின் 282 மி.மீ. ஆர வளைவைப் பயன்படுத்தினால் வட்டத்தின் விட்டம் 564 மி.மீ. ஓஓ அளவில் ஹார்ன்பியின் இரண்டாம் ஆர வளைவு 438 மி.மீ., விட்டம் 876 மி.மீ. அடுக்குமாடி வீட்டில் தம்பியோடு அறையைப் பகிர்ந்துகொள்பவருக்கு எது ஒத்துவரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மின்சார முறையும் தெரிய வேண்டும். பெரும்பாலான தொடக்கச் செட்டுகள் இரண்டு தண்டவாளங்களில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். ஜெர்மனியின் மார்க்லின் எச்ஓ வண்டிகள் வேறு முறை. அவை நடுவில் மூன்றாவது தொடுமுனை உள்ள தண்டவாளத்தில் ஓடுபவை. "மலிவா கிடைச்சுது" என்று வாங்கி வந்து சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஓடாது. வண்டியில் பழுது இருக்காது, விற்றவர் சொன்னதிலும் பொய் இருக்காது. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: விடை தெரிந்த கேள்வி

கடைக்காரரின் நேர்மையைச் சோதிக்க எளிய வழி, விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கேள்வியைப் பணிவாகக் கேட்பது. மலேசியர்களுக்கு ஒரு நல்ல கேள்வி கைவசம் இருக்கிறது.

கேடிஎம் தண்டவாளத்தின் அகலம் 1000 மி.மீ. கிளானா ஜெயா எல்ஆர்டி, கேஎல்ஐஏ விரைவு ரயில் ஆகியவற்றுக்கு 1435 மி.மீ. எச்ஓ தண்டவாளமான 16.5 மி.மீ., 1435-ஐ 87-ஆல் வகுத்து வந்தது. என் அளவின் 9 மி.மீ.யும் 1435-ஐ 160-ஆல் வகுத்தால் வருவதுதான். கேடிஎம்மின் 1000-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 11.5 வரும். 160-ஆல் வகுத்தால் 6.25.

ஆக, சாதாரண எச்ஓ அல்லது என் தண்டவாளத்தில் ஓடும் எந்தக் கேடிஎம் மாதிரியும் அகலத்தில் துல்லியமாக இருக்க முடியாது. இப்போது கடையில் கேளுங்கள்: "அண்ணே, இந்தத் தண்டவாளத்துல கேடிஎம் வண்டி சரியான அளவுல ஓடுமா?"

நல்ல கடைக்காரர், "ஓடும் தம்பி, ஆனா தண்டவாளம் கொஞ்சம் அகலமா இருக்கும், எல்லாரும் அதை ஏத்துக்கிட்டுதான் ஓட்டுறாங்க" என்பார். "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றாலும் அவர் நல்லவரே. "நூத்துக்கு நூறு ஒரிஜினல் அளவு" என்று அடித்துச் சொல்பவரிடம் மட்டும் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த விஷயத்திலேயே அப்படிச் சொல்பவர் தெரியாத விஷயத்தில் என்ன சொல்வார்?

இன்னொரு அடையாளம்: நல்ல கடைக்காரர் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். "வீட்ல எவ்வளவு இடம் இருக்கு? எந்த நாட்டு ரயில் பிடிக்கும்? எவ்வளவு செலவு பண்ண முடியும்?" இதைக் கேட்காமல் விலை உயர்ந்த பெட்டியை நேராகக் கையில் கொடுப்பவர் உங்களைப் பார்க்கவில்லை, உங்கள் காசைப் பார்க்கிறார்.

மூன்றாம் படி: ஆள் யார்?

இயங்கலையில் விற்பவர்கள் என்னென்ன விவரங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே கேட்டிருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் 2012-இல் வந்த மின்வணிக விதிமுறைகளில் எட்டு விவரங்கள் இருந்தன. அவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: வணிகத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், வரியும் அனுப்பும் செலவும் சேர்த்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேரும் உத்தேச நாள்.

பதிவு எண்ணை எஸ்எஸ்எம் தேடல் பக்கத்தில் பாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் கைத்தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கே புகார் எதுவும் இல்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடவும் கூடாது. புதிதாகத் திறந்த கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் செய்யாமல் இருக்கலாம்.

சம்பவ ஆய்வு

எனக்குத் தெரிந்த முதலாமாண்டு மாணவர் ஒருவர் தீபாவளிச் சந்தைக் கடையில் மூன்று வாரம் நின்று வேலை செய்தார். சமூக ஊடகத்தில் ஒரு ஜப்பானிய என் அளவுச் செட்டின் படத்தைப் பார்த்தார். விலை மற்ற இடங்களைவிடப் பாதி. "கடைசி செட்டு தம்பி, வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள போட்டாதான்" என்று செய்தி வந்தது. ஒரு தனிநபர் கணக்குக்கு 480 வெள்ளியைப் போட்டார். மறுநாள் அந்த எண் அவரைத் தடை செய்துவிட்டது.

இதில் பணம் போகும் முன்பே தெரிந்த அறிகுறிகள் மூன்று: நம்ப முடியாத விலை, யோசிக்க விடாத அவசரம், கடைப் பெயருக்கும் கணக்குப் பெயருக்கும் சம்பந்தம் இல்லாமை. மூன்றில் ஒன்று இருந்தாலே நிறுத்தி விசாரியுங்கள். "இப்போது இந்தப் பெட்டியை இன்றைய தேதி எழுதிய தாளோடு வைத்துப் படம் எடுத்து அனுப்புங்க" என்று கேட்டிருந்தால் போதும், பொருள் கையில் இல்லாதவர் அங்கேயே விலகியிருப்பார்.

நான்காம் படி: சிறிதாகத் தொடங்கு, பாதுகாப்பாகச் செலுத்து

புதிய கடையில் முதல் தடவையே எஞ்சின் வாங்க வேண்டாம். இரண்டு நேர்த் தண்டவாளம், கொஞ்சம் இணைப்பான் வாங்குங்கள. சொன்ன நாளில் வந்ததா, நன்றாகப் பொதிந்து அனுப்பினார்களா, ரசீது இருந்ததா என்று பாருங்கள். இருபது முப்பது வெள்ளியில் ஒரு கடையின் குணம் தெரிந்துவிடும்.

ஷோப்பி போன்ற தளங்களில் வாங்கினால், பொருள் கிடைத்தது என்று நீங்கள் உறுதி செய்யும்வரை பணம் தளத்திடமே இருக்கும். அல்லது அதற்கான காலக்கெடு முடிய வேண்டும். ஆகவே பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்க்கும் முன் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். "தளத்துக்கு வெளியே வாங்க, இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்று அழைத்தால் போகாதீர்கள். அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் அந்தத் தள்ளுபடி கிடைக்கிறது.

வெளிநாட்டுக் கடையில் வாங்கும்போது இரண்டு கணக்குகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று வரி. 2024 ஜனவரி 1 முதல், இயங்கலையில் விற்று வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு மேற்போகாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இன்னொன்று மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்நாட்டுச் சந்தைக்குச் செய்த அடாப்டரை நம் வீட்டுச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். அடாப்டரில் இன்புட் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். உள்நாட்டில் விற்கும் அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் கெட்டால் காசு நட்டம். வீடு தீப்பிடித்தால்?

முன்பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. புதிய மாதிரிகளைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்து முன்பதிவு வாங்குவது இந்தத் துறையில் வழக்கம். இங்கிலாந்தின் ஹாட்டன்ஸ் கடை 1946-இல் லிவர்பூலில் தொடங்கியது, உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கொண்டது. அதுவே 2024 ஜனவரியில் வணிகத்தை மூடப்போவதாக வெளிப்படையாக அறிவித்தது. நேர்மையான பழைய கடையும் மூடப்படலாம் என்பதற்கு இது பாடம். ஆகவே முன்பணம் கொடுத்தால் இழந்தாலும் தாங்கக்கூடிய அளவே கொடுங்கள். முழுத் தொகையைப் பொருள் வந்த பிறகு கொடுங்கள்.

ஐந்தாம் படி: கையில் வாங்கும்போது

நேரடிக் கடை என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஓட வேண்டும். மிக மெதுவாக ஓட்டும்போது திக்கித் திணறாமல் போக வேண்டும். விளக்கு திசைக்கேற்ப மாற வேண்டும். பழைய எஞ்சின் என்றால் சக்கரத்தின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, உலோக அடிச்சட்டத்தில் மெல்லிய விரிசலோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். கலப்படம் சேர்ந்த துத்தநாக வார்ப்பு காலப்போக்கில் தானாகவே நொறுங்கும், அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

அஞ்சலில் வந்தால் பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை காணொளி எடுத்து வையுங்கள். ரசீதையும் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. பணம் மோசடிக் கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்வினை மையம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை இன்னொரு கணக்குக்கு நகர்த்த உதவும்.

விற்பவர் இருக்கிறார், ஆனால் பழுதான பொருளை மாற்றித் தர மறுக்கிறார் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டு செல்லலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

நம்பிய பிறகு நம் கடமை

திருக்குறளில் 51-ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆராயாமல் நம்புவது துன்பம் என்று சொல்லும் வள்ளுவர், ஆராய்ந்து நம்பிய ஒருவர்மேல் பிறகு ஐயப்படுவதையும் அதே குறளில் துன்பம் என்கிறார். மேலே சொன்ன ஐந்து படிகளும் அந்த முதல் பாதிக்கு. இரண்டாம் பாதியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

ஒரு கடைக்காரர் ஒரு மணி நேரம் நின்று நமக்கு விளக்குகிறார், எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பத்து வெள்ளி குறைவு என்று வேறு எங்கோ வாங்குகிறோம். இது நியாயமா? பொருளை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வராமல் போவது, கீழே போட்டு உடைத்துவிட்டு "வரும்போதே இப்படித்தான்" என்பது, பழைய வண்டியை விற்கும்போது குறையை மறைப்பது, இவையும் ஏமாற்றுதான். நல்ல கடை வேண்டும் என்றால் நல்ல வாடிக்கையாளர்களும் வேண்டும். இந்தச் சிறிய துறையில் அப்படி ஒரு கடை மூடிவிட்டால் அடுத்து வரும் தம்பிக்குக் கேட்க ஆள் இருக்காது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் மாதிரி ரயிலுக்கு ஒதுக்கக்கூடிய இடத்தை அளந்து வாருங்கள். எந்த அளவு பொருந்தும்? கணக்கோடு காட்டுங்கள்.
2. இயங்கலையில் ஏதாவது ஒரு விற்பனைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எட்டு விவரங்களில் எத்தனை இருக்கின்றன என்று குழுவாகச் சரிபாருங்கள். ரயில் கடையாக இருக்க வேண்டியதில்லை.
3. சம்பவ ஆய்வில் வந்த மாணவர் உங்களிடம் ஆலோசனை கேட்டிருந்தால், பணம் போடும் முன் என்ன கேட்கச் சொல்லியிருப்பீர்கள்?
4. ஒரு கடைக்காரரின் நேரத்தை வாங்கிக்கொண்டு பொருளை வேறிடத்தில் வாங்குவது எப்போது சரி, எப்போது தவறு? இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.